சாதாரணனின் கிரகம்: ‘நோர்மல்மேன்’ – ஒரு மீள்வாசிப்பு

ஒரு நூலை இரண்டாம் முறை வாசிப்பதில் உள்ள சங்கடம், முதல் முறை நாம் சொன்ன அபிப்பிராயமும் கூடவே எழுந்து வந்து நிற்பதுதான். 2003இல் ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒருவர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் படக்கதை இதழ்கள் சிலவற்றைத் தந்தார். ஒரே இரவில் வாசித்து முடித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த மாதம் கலாசாலை வாசகர் வட்டத்தில் பேசக் கிடைத்தபோது, “நையாண்டி என்பது ஓர் ஒட்டுண்ணி. மூலக்கதை என்ற மரம் இல்லாவிட்டால் அதற்கு உயிரில்லை” என்று அடித்துப் பேசினேன். உதாரணமாகக் காட்டியது இந்த இதழ்களைத்தான். நல்ல கைதட்டல் கிடைத்தது.

சென்ற நோன்பு விடுமுறையில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவை மீண்டும் கைக்கு வந்தன. வாசித்தேன். அன்று நான் சொன்னது பிழை என்று இப்போது படுகிறது. ஏன் பிழை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரின் பெயர் ‘நோர்மல்மேன்’. எழுதி வரைந்தவர் அமெரிக்கரான ஜிம் வலன்டினோ. டேவ் சிம் என்பவரின் ‘செரிபஸ்’ இதழில் 1983இல் துணைக்கதையாகத் தலைகாட்டி, 1984, 1985 ஆகிய இரு வருடங்களில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது. மார்வல், டிசி ஆகிய இரு பெரிய கம்பனிகளின் கைக்குள் அமெரிக்கப் படக்கதை உலகம் இருந்த காலம் அது. ஆனாலும் எழுபதுகளில் இருந்து படக்கதைகளுக்கென்றே தனிக் கடைகள் பெருகியதால், சின்னப் பதிப்பாளர்களும் நேரடியாக வாசகனிடம் செல்ல வழி பிறந்திருந்தது. ‘நோர்மல்மேன்’ அந்த வழியால் வந்த பிள்ளை.

கதை இதுதான். ஆர்னல்ட் என்றொரு கிரகம். அங்கே ஒரு கணக்காளர். தமது கிரகம் வெடித்துச் சிதறப்போகிறது என்று நம்பி, கைக்குழந்தையை ஒரு ரொக்கட்டில் வைத்து வான்வெளிக்கு அனுப்பிவிடுகிறார். ஆனால் கிரகம் வெடிக்கவில்லை. மனிதரின் கணக்குப் பிழைத்துவிட்டது. குழந்தை போய்ச் சேரும் இடம் லெவ்ரம் என்னும் கிரகம். மார்வல் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக வாசித்தால் லெவ்ரம் வரும். அங்கே பிறந்தவர் எல்லோருக்கும் ஏதோவோர் அபூர்வ சக்தி உண்டு. வளர்ந்து ஆளான நோர்ம் ஒருவனுக்குத்தான் எதுவும் இல்லை. அவனுக்குத் துணையாக கெப்டன் எவ்ரிதிங் என்றொரு தடியன். எல்லாச் சக்தியும் படைத்தவன். மூளை மட்டும் இல்லை.

சுப்பர்மேன் கதையை அறியாதவர் நம்மில் குறைவு. 1938இல் பிறந்த அந்த நாயகனின் புராணம் முழுவதும் ஒரு தகப்பனின் தீர்க்கதரிசனத்தின் மேல் நிற்கிறது. கிரிப்டன் அழியும் என்று தகப்பன் சொன்னார், அழிந்தது. ஆகவே மகன் ஓர் அநாதை. திரும்பிப் போக வீடில்லாத அந்த அநாதைத்தனமே அவனுக்கு ஒரு காவியத் தன்மையைத் தருகிறது. வலன்டினோ அந்தக் கட்டிடத்தில் ஒரேயொரு கல்லை மட்டும் உருவுகிறார். தகப்பன் சொன்னது பிழை. அவ்வளவுதான். காவியம் சரிந்து, ஒரு மனிதனின் அவலம் தெரியத் தொடங்குகிறது. நோர்முக்கு வீடு உண்டு, ஊர் உண்டு. அவன் அங்கே இல்லை என்பதுதான் குறை.

இருபத்துமூன்று வயதில் இந்த இடத்தில் நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. காரணம் என் சொந்தக் கதை. 1990இல் எனக்குப் பத்து வயது. கிழக்கில் நிலைமை கெட்டிருந்த மாதங்கள். அயல் ஊர்களில் நடந்ததைக் கேள்விப்பட்ட வாப்பா, அடுத்தது எங்கள் ஊர்தான் என்று முடிவு கட்டி, ஒரு லொறியில் என்னை மட்டும் ஏற்றி மலைநாட்டில் இருந்த சாச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். எங்கள் ஊருக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். என்றாலும் போனவன் போனவன்தான். ஆறு வருடம் அங்கேயே படித்தேன். அந்தப் பாடசாலையில் எல்லோரும் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசினார்கள், நன்றாகக் கிரிக்கட் ஆடினார்கள். என் பேச்சைக் கேட்டாலே சிரித்தார்கள். வாப்பாவை நான் குறை சொல்லவில்லை. அன்று அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் பயத்தில் போட்ட ஒரு கணக்கு, அன்பினால் போடப்பட்டதாகவே இருந்தாலும், ஒரு பிள்ளையின் வாழ்வை எங்கே கொண்டுபோய் இறக்கும் என்பதை இந்தக் கோமாளிப் படக்கதை அறிந்து வைத்திருக்கிறது. மூலக்கதையிடம் இல்லாத அறிவு இது. அப்படியானால் இதை ஒட்டுண்ணி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது விடயம், சக்தி பற்றியது. எல்லோரும் பறக்கும் ஊரில் பறப்பதற்கு என்ன மதிப்பு? லெவ்ரமில் சக்தி என்பது வெறும் ஊர்வழக்கம். கெப்டன் எவ்ரிதிங்கினால் செய்ய முடியாதது எதுவுமில்லை. அதனாலேயே அவன் செய்வது எதற்கும் பெறுமதியில்லை. நோர்ம் ஓர் அடி எடுத்து வைத்தாலும் அதில் ஆபத்து இருக்கிறது. ஆகவே வாசகன் அவனோடுதான் நடக்கிறான். நம்முடைய இலக்கிய விழாக்களில் மேடையில் இருப்போர் எல்லோருக்கும் பட்டமும் பொன்னாடையும் கிடைத்த பிறகு, கீழே கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரேயொரு வாசகனை நினைத்துக்கொண்டேன்.

தலைப்பிலேயே இந்த எண்ணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இத்தொடரின் பெயரைச் சிறிய எழுத்திலேயே தொடங்கி எழுதுவார்கள். நாயகர்களின் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் முழங்கும்போது, இவன் சின்ன எழுத்தோடு ஓரமாக நிற்கிறான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. எனவே இந்தப் பகிடியைத் தமிழுக்குக் கொண்டுவர முடியாது. இதே போல, மார்வலின் ‘சார்ஜன்ட் ஃபியூரி’ இங்கே ‘சார்ஜன்ட் ஃபிளஃபி’ ஆகிறார். முன்னது கடுங்கோபம், பின்னது பஞ்சு போன்ற மெதுமெதுப்பு. பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி ஒரு படைத்தலைவனைப் பூனைக்குட்டி ஆக்கிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. ஒவ்வோர் இதழும் அக்காலத்துப் படக்கதைகளையும் அவற்றின் பாணிகளையும் மாற்றி மாற்றிப் பகிடி பண்ணுகிறது. அவற்றைப் படித்திராதவருக்குப் பாதிப் பக்கங்கள் விளங்கா. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களை வாசித்து வளர்ந்த நமக்கு முகமூடிகள் புதிதல்ல. ஆனால் நமது முகமூடிகள் வேறு. பகிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இடங்களில் கதை மூச்சு முட்டுகிறது. ஹார்வி கேர்ட்ஸ்மனும் வொலி வூட்டும் 1953இல் ‘மேட்’ இதழில் செய்த சுப்பர்மேன் நையாண்டி சில பக்கங்களில் முடிந்துவிடும். அதற்கு அந்த வேகம் போதும். பன்னிரண்டு இதழ் ஓடவேண்டிய கதைக்கு அது போதாது. நோர்மின் தனிமையை ஆசிரியர் நினைவில் வைத்திருக்கும் பக்கங்களே இன்று நிலைத்து நிற்கின்றன.

இத்தொடர் ஏன் மறக்கப்பட்டது? இடைநடுவில் பதிப்பகம் மாறியது. ‘ஆட்வார்க்-வனாஹைம்’ வெளியிட்டு வந்த இதழ்கள், டெனி லூபர்ட் பிரிந்து சென்று நிறுவிய ‘ரெனகேட் பிரெஸ்’ஸின் கைக்குப் போயின. அதே 1984இல் நையாண்டியாகத் தொடங்கிய ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டேர்ட்டில்ஸ்’ பின்னர் பொம்மையாகவும் சினிமாவாகவும் உலகம் சுற்றியது. 1988இல் வந்த ‘த டிக்’கிற்கு 1994இல் தொலைக்காட்சி கைகொடுத்தது. 1986இல் ‘வாட்ச்மென்’ வந்த பின்னர் விமர்சகர்களும் அதிநாயகர்களைச் சிரிக்காமல் விசாரிப்பதே ஆழம் என்று கருதத் தொடங்கினர். சிரித்தவன் பின்வாங்குக்குப் போனான்.

வலன்டினோ 1992இல் வேறு ஆறு ஓவியர்களோடு சேர்ந்து ‘இமேஜ்’ நிறுவனத்தைத் தொடக்கினார். அங்கே அவர் படைத்த ‘ஷடோஹோக்’, குற்றவாளிகளின் முள்ளந்தண்டை முறிக்கும் கொடூர நாயகன். நோர்மைப் படைத்தவரா இதையும் படைத்தார் என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த முகமூடிக்குள் இருப்பவன் எச்.ஐ.வி. தொற்றிய மனிதன்; எயிட்ஸினாலேயே சாகிறான். கவசத்துக்குள் மீண்டும் அதே பலவீனமான சாதாரணன். முதல் தொடரில் சிரித்துச் சொன்னதை இதில் சிரிக்காமல் சொல்லியிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

நையாண்டிக்கு மரம் வேண்டும் என்று அன்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் வளவிலே பனையைச் சுற்றி முளைத்த ஆல் ஒன்று நிற்கிறது. பனை பட்டுப்போய் வருடங்களாகின்றன. ஆலின் நிழலில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ‘நோர்மல்மேன்’ அவ்வளவு பெரிய மரமல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் அது தன் வேரில் நிற்கும் செடி.

கலாசாலையில் அன்று கைதட்டியவர்களில் இருவர் மூவர் இச்சஞ்சிகையின் வாசகர்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியானவன் அல்லன் என்பதை அவர்கள் இதன்மூலம் அறிந்துகொள்ளட்டும். இதழ்கள் என்னிடம் இருக்கின்றன. விரும்பியவர்கள் வாங்கி வாசித்துவிட்டு, தயவுசெய்து திருப்பித் தரவும்.