மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு

வெள்ளை ஒயின் என்றால் ஷார்டனே கேட்கிறார்கள். நாலு புத்தகம் படித்தவர்கள் ரீஸ்லிங் கேட்கிறார்கள். கெவுர்ட்ஸ்ட்ராமினரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெயர் வாயில் நுழையவில்லையாம்! ‘கெவுர்ட்ஸ்’ என்றாலே போதும், அல்சாஸில் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ‘கெவுர்ட்ஸ்’ என்றால் மசாலா. ‘டிராமினர்’, வட இத்தாலியில் ஜெர்மன் பேசும் தென் டிரோலின் டிராமின் என்ற ஊரிலிருந்து வந்தது. ஒயின் வெள்ளை, பழத்தின் தோலோ இளஞ்சிவப்பு. இதன் ஆகச் சிறந்த வீடு பிரான்சின் கிழக்கோரத்து அல்சாஸ். வோஷ் மலைத்தொடர் மழையை மறித்துக்கொள்வதால் இலையுதிர்காலம் வறண்டு நீளும், பழம் அவசரமில்லாமல் கனியும். 10 முதல் 12 டிகிரியில் பரிமாற வேண்டும். ஐஸ் வாளியில் விறைக்க விட்டால் மணம் செத்துக் கசப்பு மட்டும் மிஞ்சும்.

முகர்ந்தால் லிச்சிப் பழம், பன்னீர் ரோஜா. இது ரசிகர்களின் கற்பனை இல்லை. ரோஜா எண்ணெயிலும் லிச்சியிலும் இருக்கிற ரோஸ் ஆக்சைடு இந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

இனிதான் விஷயமே. ‘எனக்கு இனிப்பு ஒயின் பிடிக்காது’ என்று இதை ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மணம் இனிப்பது வேறு, ஒயின் இனிப்பது வேறு. லேபிளில் ‘செக்’, அதாவது இனிப்பில்லாதது, என்று போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வையுங்கள். ரோஜாவும் இல்லை, லிச்சியும் இல்லை. கொஞ்சம் கனமான திரவம், தொண்டையில் சாராயத்தின் சூடு, அடிநாக்கில் சாத்துக்குடித் தோலின் உள்வெள்ளையைக் கடித்த மாதிரி மெல்லிய கசப்பு. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். ரோஜா வாய்க்குள்ளிருந்து மேலேறி மூக்கை நிறைக்கும். ‘இனிக்கிறதே’ என்று சொல்லத் தோன்றும். நாக்கு சொல்லவில்லை, மூக்கு சொல்கிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கெவுர்ட்ஸுக்குப் புளிப்பு குறைவு. எலுமிச்சைச் சாற்றில் பாதிப் பழம் குறைத்தால் அதே சர்க்கரை தூக்கலாகத் தெரியுமே, அப்படித்தான். ரீஸ்லிங்கில் இருக்கும் இடம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை இதில் பளிச்சென்று தெரியும். ஆக மூக்கின் இனிப்பு, சர்க்கரையின் இனிப்பு, புளிப்பு விலகியதால் தெரியும் இனிப்பு என மூன்று. இவற்றைப் பிரித்தறியாமல் ‘வாசனைச் சோப்பு’ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பெழுதும் விமர்சகர் அந்த ஒயினைக் குடிக்கவே இல்லை, முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். துளி இனிப்பும் இருக்கக்கூடாது என்கிற இன்றைய மோஸ்தர் அதைவிட மேலோட்டமானது.

நல்லவேளை, 2021 அறுவடை முதல் அல்சாஸ் பாட்டில்களில் இனிப்பின் அளவைக் குறிப்பிடுவது கட்டாயம். பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை ‘செக்’, 12 வரை ‘டெமி-செக்’, 45 வரை ‘மொல்லோ’, அதற்கு மேல் ‘டூ’. தாமதமாகப் பறித்த பழத்தில் செய்யும் ‘வான்தாஞ் தார்திவ்’ தனி உலகம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ‘செக்’கில் தொடங்குங்கள்.

பெயரில் மசாலா இருக்கிறதே என்று மிளகாய்க் காரத்தோடு இதைச் சேர்த்து வைக்கும் மெனு கார்டுகளை நம்பாதீர்கள். இதில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் சாதாரணமாக இருக்கும். அது காரத்தை இன்னும் எரியவிடும். இஞ்சி, தேங்காய்ப்பால், ஏலக்காய் என்றால் சரி. அல்சாஸ்காரர்கள் தங்கள் மலையில் பிறந்த முன்ஸ்டர் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள். அது நாறும், சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு துண்டு முன்ஸ்டர், ஒரு மிடறு கெவுர்ட்ஸ் என்று மாற்றி மாற்றிப் போனால் மூன்றாவது சுற்றில் நாற்றம் எங்கே போனதென்றே தெரியாது.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ராத்திரி குடித்த கோப்பையை நான் கழுவுவதில்லை. காலையில் காப்பி போடுவதற்கு முன் அதை எடுத்து முகர்வேன். ஒயின் காய்ந்துபோயிருக்கும், சர்க்கரைப் பேச்சுக்கே இடமில்லை, ரோஜா மட்டும் அப்படியே இருக்கும்.