கருணாமிர்த சாகரமும் அலகுக் கணக்கும்

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் தமிழிசை ஆராய்ச்சிக்கு வழிதிறந்த பெருநூலாம். ஒரு ஸ்தாயிக்கு அலகு 22 அன்று, 24 என்பது அதன் தலையாய கோட்பாடு. 1916-இல் பரோடாவிற் கூடிய இசை மாநாட்டிலும் பண்டிதர் இதனையே வலியுறுத்தினர். இக்கோட்பாடு ஈண்டு ஆராயற்பாலது.

சிலப்பதிகார உரைவழி வந்த கணக்கு, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்பது, தொகை 22. கைக்கிளை விளரிகளில் ஓரோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டதென்றும், அவற்றையும் நான்காக்கின் 24 நிரம்புமென்றும் பண்டிதர் உரைப்பர். அவர் காட்டும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. குரலுக்கு இளி தந்தியின் 2/3 பங்கில் ஒலிப்பது. ஸ்தாயியை 22 சமகூறாக்கின், இளிக்குரிய 13-ஆம் அலகு அவ்விடத்தின் ஏறி ஒலிக்கும். 24 கூறாக்கின், 14-ஆம் அலகு ஏறக்குறைய அங்கேயே நிற்கும். இத்துணையும் பிழையற்ற கணக்கே.

பிழை பிறிதோரிடத்தது. அலகுகள் தம்முள் ஒத்த அளவின என்பது பண்டிதர் தாமே கொண்டதன்றி, உரைக் கணக்கினின்று பெறப்படுவதன்று. நான்கலகை 8/9 எனவும், மூன்றலகை 9/10 எனவும், இரண்டலகை 15/16 எனவும் தந்தி அளவாற் கொண்டு பெருக்கிப் பார்க்க. குரல் முதல் உழைவரை உள்ள நான்கும் சேர்ந்து 2/3 ஆகும். ஏழும் சேர்ந்து சரிபாதியாகும். எச்சம் ஒன்றும் இல்லை. ஆகவே மூன்றலகு குறைபட்ட நான்கலகன்று; தனக்கென அளவுடைய வேறோர் இடைவெளியாம். இரண்டிற்கும் வேற்றுமை 80/81 என்னும் சிறு விகிதமே. எனினும், சுருதியொடு பழகிய செவிக்கு அது மறையாது.

கைக்கிளை விளரிகளை நான்காக்கியபின் வரும் 4, 4, 4, 2, 4, 4, 2 என்பதனைப் பாதியாக்கின், 12 சமகூறாகிய பியானோ, ஆர்மோனியங்களின் அமைப்பே எஞ்சுகின்றது. நுண்சுருதி நாடிய பெருநூல் ஏழு நரம்பின் நுண்மையையே இழந்தது வியப்பாம்!

‘வேங்கடமகியின் மேளமுறையில் 16 சுரப்பெயர்க்கு 12 தானமே உள; சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே மெட்டன்றோ?’ எனின், மெட்டு ஒன்றே. ஆயினும் வீணைவல்லார் தந்தியை இழுத்து வேண்டும் சுருதியைப் பெறுவர். ஆர்மோனியக் கட்டைக்கு அவ்வாற்றல் இல்லை. இன்று பழம்பஞ்சுரப் பதிகங்களைச் சங்கராபரணத்திற் பாடுங்கால், அந்தர காந்தாரம் தந்தியின் 4/5 பங்கில் நிற்றல் வேண்டும்; அக்கருவியொடு பாடும் ஓதுவாரை அது சிறிதே மேலேற்றி விடுகின்றது.

1947-இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலானந்த அடிகள் 22 அலகே கொண்டு கணக்கிட்டனர். அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து, ஒரு தந்தியை மீட்டிச் செவியால் தேர்வார்க்கு, பண்டிதரின் உழைப்பும் அவர் வழுவிய இடமும் ஒருங்கே புலனாகும்.