சந்தேகமா, ஐயமா? – ‘கான்கிளேவ்’ திரைப்படம்



2025 மே 7-ஆம் நாள், புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க 133 கர்தினால்கள் வத்திக்கானில் கூடினார்கள். பினாங்கு ஆயரும் சிங்கப்பூர்ப் பேராயரும் அவர்களில் இருந்ததால், எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுதான். “உள்ளே அப்படி என்னதான் நடக்குது?” என்று கேட்ட பலரும் 2024-இல் வெளிவந்த ‘கான்கிளேவ்’ படத்தைத் தேடிப் பார்த்தார்கள். நானும்தான்.

ராபர்ட் ஹாரிஸின் நாவலைத் தழுவி எட்வர்ட் பெர்கர் இயக்கிய படம் இது. திரைக்கதைக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. திருத்தந்தை இறந்துவிடுகிறார். தேர்தலை நடத்தும் பொறுப்பு கர்தினால் லாரன்ஸிடம் (ரால்ஃப் ஃபைன்ஸ்) வருகிறது. கதவுகள் அடைபடுகின்றன. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஒருவருக்கே கிடைக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, படம் விறுவிறுப்பாகவே போகிறது. துப்பாக்கியும் துரத்தலும் கிடையாது. வாக்குச் சீட்டை மடிப்பது, அதை ஊசியால் குத்தி நூலில் கோப்பது, பெயரை உரக்க வாசிப்பது, இவ்வளவுதான். எண்ணிக்கை ஏறி இறங்குவதைப் பார்த்து நமக்கே படபடப்பு வந்துவிடுகிறது.

ஆனால், எனக்கு ஒரு குறை உண்டு. தொடக்கத்தில் லாரன்ஸ் எழுதி வைத்த மறையுரையை விட்டுவிட்டு மனத்திலிருந்து பேசுகிறார். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற உறுதிதான் ஆபத்து. ஐயம் இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கைக்கு வேலை உண்டு என்கிறார். அருமையான பேச்சு. அதற்குப் பிறகு படம் அவரைத் துப்பறிவாளராக ஆக்கிவிடுகிறது! முத்திரையிட்ட அறையை உடைத்துத் திறக்கிறார், தாள்களைத் தேடுகிறார். வேட்பாளர்கள் ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். சிலர் வாதத்தில் தோற்கவில்லை, இரகசியம் வெளிப்பட்டுத் தோற்கிறார்கள். பழமைவாதி டெடெஸ்கோவுக்கும் நியாயமான ஒரு வாதத்தைக்கூட எழுத்தாளர் தரவில்லை. எதிர்த்தரப்பை இவ்வளவு பலவீனமாக்கி நம் பிள்ளைகள் வாதக் கட்டுரை எழுதினால் நாம் மதிப்பெண் போடுவோமா?

அகராதியில் சந்தேகமும் ஐயமும் ஒன்றுதான். இங்கே வசதிக்காகப் பிரித்துக்கொள்கிறேன்: அடுத்தவர்மீது வருவது சந்தேகம், தன்மீதே வருவது ஐயம். மறையுரை பேசியது ஐயத்தைப் பற்றி. படம் பெரும்பாலும் காட்டுவது சந்தேகத்தை.

இரண்டு இடங்களில் மட்டும் படம் தன் சொந்தக் கேள்விக்குத் திரும்புகிறது. பதவி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த லாரன்ஸ், ஒரு சுற்றில் சீட்டில் தன் பெயரையே எழுதுகிறார். அந்தச் சீட்டைப் போட்ட கணத்தில் வெளியே குண்டு வெடித்து, சன்னல் சிதறி விழுகிறது. தன்னைப் பற்றி அவருக்கு இருந்த உறுதியும் அங்கேதான் உடைகிறது. ஃபைன்ஸின் முகத்தைப் பாருங்கள், வசனமே தேவையில்லை.

இன்னொன்று முடிவு. பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். மீண்டும் ஓர் இரகசியம் அவர் கைக்கு வருகிறது என்பது மட்டும் போதும். மற்றவர்களின் இரகசியங்களை எடுத்துப் போட்டவர் இதை என்ன செய்யப் போகிறார்? இப்போது அவர் சோதிக்க வேண்டியது தன் மனத்தைத்தான். பலர் இந்தத் திருப்பத்தை வலிந்து சேர்த்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறையுரைக்குப் படம் கொடுக்கும் பதிலே அதுதான். கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவே.

அருட்சகோதரி ஆக்னஸாக வரும் இசபெல்லா ரொசெல்லினி பேசுவது மிகக் குறைவு. சமைத்துப் பரிமாறுபவர்களுக்கும் கண்ணும் காதும் உண்டு என்பதை அந்தச் சாப்பாட்டு அறைக் காட்சி உணர்த்திவிடுகிறது. அவர்களுக்கு வாக்கு இல்லை என்பதையும்தான்.

மேல்நிலை மாணவர்களோடு பார்ப்பதாக இருந்தால், கடைசிக் காட்சிக்கு முன் நிறுத்திவிட்டு, “நீங்களாக இருந்தால் வெளியே சொல்வீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் சொல்பவரைவிட, கொஞ்சம் தயங்குபவரை முதலில் பேச விடுங்கள்.