ஸேன் கிரேயின் வகைமை மாற்றமும் காதற்கதைக் கட்டமைப்பும்: 'பெட்டி ஸேன்', 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேறு வகைமைகளில் எழுதிய நாவலாசிரியர் ஒருவர் மேற்குநிலக் காதற்கதைக்கு மாறுவதும், தம் நூலைத் தாமே வெளியிடுவதும் பெரும்பாலும் இலக்கியத் தரத்திலிருந்து இறங்கி வருதலாகவே மதிப்பிடப்படுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஸேன் கிரேயின் (1872–1939) முதல் புதினமான 'பெட்டி ஸேன்' (1903) அவரே பொறுப்பேற்று வெளியிட்ட வரலாற்றுப் புதினமாகும். அவருக்குப் பெரும்புகழ் தந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' (1912) மேற்குநிலப் புதினமாகும். இவ்விரண்டையும் ஒப்பிடும் இக்கட்டுரை, வகைமை மாறியபோது நிலமும் பகையும் மாறின, காதற்கதைக் கட்டமைப்பு மாறவில்லை என்பதை நிறுவ முயல்கிறது. அக்கட்டமைப்பு பிந்தைய புதினத்தின் முடிவில் அடையும் நெருக்கடியையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸேன் கிரே, மேற்குநிலப் புதினம், காதற்கதை, சொந்த வெளியீடு, வகைமை மாற்றம், உரிப்பொருள்.

முன்னுரை

மின்னூல் வெளியீடு எளிதான பின்னர், பிற துறைகளில் எழுதிவந்த நாவலாசிரியர்கள் பதிப்பகத்தின் துணையின்றி மேற்குநிலக் காதற்கதைகளை வெளியிடுவது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. இதனைச் சந்தைக்குப் பணிதல் என ஒதுக்கும் பார்வைக்குப் பின்னால் இரண்டு எடுகோள்கள் உள்ளன. ஒன்று, சொந்த வெளியீடு என்பது புறக்கணிக்கப்பட்ட எழுத்தின் புகலிடம் என்பது. மற்றொன்று, 'வெஸ்டர்ன்' எனப்படும் மேற்குநிலப் புதினம் இயல்பில் ஆண்களின் வீரக்கதை, காதல் அதில் பின்னர் ஒட்டவைக்கப்பட்டது என்பது.

இரண்டாம் எடுகோளுக்கு வலுவான திறனாய்வு ஆதரவும் உண்டு. ஜேன் டாம்ப்கின்ஸ் தம் 'வெஸ்ட் ஆஃப் எவ்ரிதிங்' (1992) நூலில், பெண்களும் சமயமும் மையம் கொண்டிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இல்லறப் புனைவுக்கு எதிர்வினையாகவே இவ்வகைமை தோன்றியது என வாதிடுகிறார். கிரேக்குத் தனி இயலே ஒதுக்கிய அந்நூலின் வாதம் எளிதில் மறுக்கத்தக்கதன்று. எனினும், கிரேயின் எழுத்துப் பயணத்தை அவருடைய சொந்த வெளியீட்டிலிருந்து தொடங்கிப் படித்தால் வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது.

அதனை விளக்கத் தொல்காப்பிய அகத்திணையியலின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இங்கு ஆய்வுக் கருவியாக மட்டும் கொள்ளப்படுகிறது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாசிரியர் கொள்கை. வகைமை மாற்றத்தை அளக்க இந்த வரிசை பயன்படும். எழுத்தாளர் நிலத்தையும் காலத்தையும் மாற்றினாரா, அன்றி உரிப்பொருளையே மாற்றினாரா என்னும் வினாவை இது எழுப்புகிறது.

சொந்த வெளியீடாக ஒரு குடும்ப வரலாறு

கிரே ஒகையோ மாநிலத்தின் ஸேன்ஸ்வில் நகரில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1896இல் பட்டம் பெற்று, நியூயார்க்கில் தொழில் செய்தவர். தாய்வழி முன்னோரின் வரலாற்றைக் கொண்டு எழுதிய 'பெட்டி ஸேன்' புதினத்தைப் பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1903இல் அவரே வெளியீட்டுப் பொறுப்பை மேற்கொண்டார். நூலுக்கான ஓவியங்களையும் தாமே வரைந்தார். அந்நூல் அவருக்குப் பெரிய வருவாய் எதையும் ஈட்டித் தரவில்லை.

புதினத்தின் வரலாற்று மையம் 1782இல் வீலிங் நகரின் ஹென்றி கோட்டை முற்றுகையிடப்பட்ட நிகழ்வாகும். கோட்டைக்குள் வெடிமருந்து தீர்ந்த நிலையில் பெட்டி ஸேன் வெளியே ஓடி, அதனைச் சுமந்து வந்தாள் என்பது குடும்ப மரபு. ஆனால் புதினம் நேரே அங்குச் செல்லவில்லை. முதலில் ஸேன் குடும்பத்தினர் குடியேறிய வரலாறு விரிவாகச் சொல்லப்படுகிறது. பின்னர் பெட்டிக்கும் ஆல்பிரட் கிளார்க்குக்கும் இடையே நேரும் ஊடலும் பிரிவும் கதையை நடத்துகின்றன. பெட்டியின் தமையன் ஐசக்கும் வயண்டாட் பழங்குடித் தலைவரின் மகள் மயீராவும் கொள்ளும் காதல் கிளைக்கதையாக அமைகிறது. ஆகவே முற்றுகை புதினத்தின் உச்சமாக இருப்பினும், வாசகரை அதுவரை அழைத்துச் செல்வது காதலே.

இப்புதினத்தின் குறைகளும் வெளிப்படையானவை. வரலாற்றாசிரியரின் குரலும் கதைசொல்லியின் குரலும் இசையாமல் நிற்கின்றன. முன்னோரைப் போற்றும் கடமை பாத்திரங்களின் இயக்கத்தைத் தடுக்கிறது. ஆயினும் கிரேயின் பிற்காலப் புதினங்களுக்கு வேண்டிய உரிப்பொருள் இங்கேயே உள்ளது. செயல்திறன் மிக்க பெண், அவளிடம் தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டிய ஆண், எல்லைநிலத்தின் ஆபத்தில் கனியும் காதல் என்பன அதன் கூறுகள்.

நிலமாற்றம்

1905இல் லினா எலிஸ் ராத் என்னும் டாலியை மணந்த பின்னர்க் கிரே பல் மருத்துவத்தைக் கைவிட்டு முழுநேர எழுத்தாளரானார். டாலியின் பரம்பரைப் பணம் அக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கியது. கையெழுத்துப் படிகளைச் செப்பம் செய்ததும், பின்னர்ப் பதிப்பகங்களுடன் வணிகப் பேச்சுகளை நடத்தியதும் டாலியே. ஆண்மையின் வகைமை எனப் பெயர்பெற்ற எழுத்தின் உருவாக்கத்தில் பெண் ஒருவரின் உழைப்பும் பணமும் கலந்திருந்ததை மதிப்பீட்டில் மறத்தலாகாது.

1907இல் 'பஃபலோ' ஜோன்ஸுடன் கிரே மேற்கொண்ட அரிசோனாப் பயணம் அவரது நிலத்தை மாற்றியது. அப்பயணத்தைப் பற்றிய 'தி லாஸ்ட் ஆஃப் தி பிளெயின்ஸ்மென்' நூலை ஹார்ப்பர் நிறுவனம் ஏற்கவில்லை. 1908இல் அது வேறு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. 1910இல் ஹார்ப்பர் வெளியிட்ட 'தி ஹெரிடேஜ் ஆஃப் தி டெசர்ட்' அவரது முதல் மேற்குநிலப் புதினமாகும். நவஹோ குருதியும் ஸ்பானியக் குருதியும் கலந்த மெஸ்கல் என்னும் பெண், தான் விரும்பாத மணத்திலிருந்து தப்பிப் பாலைக்குள் செல்வது அதன் முக்கியத் திருப்பம். ஒகையோவின் காடு அரிசோனாவின் பாலையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டாயிற்று. முதற்பொருளும் கருப்பொருளும் முற்றிலும் மாறியும், பெண்ணின் மணத்தெரிவே கதையை நகர்த்தும் விசையாக நீடித்தது.

உடைமையும் காதலும்

'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' 1871இன் தெற்கு யூட்டாவில் நிகழ்கிறது. இதில் வரலாற்று முன்னுரை இல்லை. மார்மன் சமய மூப்பரான டல், ஜேன் விதர்ஸ்டீனின் ஆதரவைப் பெற்ற வென்டர்ஸ் என்னும் இளைஞனைத் தண்டிக்க முனையும் நெருக்கடியில் கதை தொடங்குகிறது. பெயர் கேட்டாலே பிறர் அஞ்சும் துப்பாக்கி வீரன் லாசிட்டர் அங்கு வந்து சேர்கிறான். 'பெட்டி ஸேன்' நெடிய வரலாற்றுக்குப் பின் அடைந்த நிலையை இப்புதினம் முதல் இயலிலேயே அடைகிறது. இரு நூல்களுக்கிடையே கிரே கற்ற பாடம் இந்தத் தொடக்கத்தில் தெரிகிறது.

ஜேன் தந்தையிடமிருந்து பண்ணையையும், ஊருக்கு நீர் தரும் ஆம்பர் ஊற்றையும் பெற்றவள். டல் அவளை மணக்க விரும்புவதில் வேட்கையும் உடைமை நோக்கமும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. அவள் இசையாதபோது மந்தைகள் கவரப்படுகின்றன, பணியாட்கள் விலகுகின்றனர், வீட்டுப் பெண்களே ஒற்றர்களாகின்றனர். லாசிட்டரின் துப்பாக்கியைத் துறக்கச் செய்ய ஜேன் முதலில் தன் கவர்ச்சியைக் கருவியாக்குகிறாள். பின்னர் அக்கருவியே மெய்யான அன்பாகிறது. காதற்கதை வாசகியரை ஆராய்ந்த ஜானிஸ் ராட்வே (1984), வன்மையான ஆணிடம் மறைந்துள்ள பரிவை வெளிக்கொணர்தலை அவ்வகைமையின் அடிப்படை நிறைவாகக் காண்கிறார். சிறுமி ஃபேயிடம் லாசிட்டர் காட்டும் கனிவும், தான் சுட்ட முகமூடி வீரன் பெஸ் என்னும் பெண் என அறிந்து வென்டர்ஸ் அவளைப் பேணி உயிர்ப்பிப்பதும் இக்கருத்துக்குப் பொருந்துகின்றன. எனவே இங்குக் காதல் வீரக்கதையின் அணியாக இல்லை. துப்பாக்கி எப்போது எழ வேண்டும், எப்போது தாழ வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

மாறிய பகை

வகைமை மாற்றம் பகைவரையும் மாற்றியது. 'பெட்டி ஸேன்' பழங்குடியினரைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தியது. 'ரைடர்ஸ்' அவ்விடத்தில் மார்மன் திருச்சபைத் தலைமையை வைக்கிறது. பலதார மணத்தை அச்சபை 1890 அறிக்கையின் வழியே கைவிடத் தொடங்கிய பின்னரே இப்புதினம் எழுதப்பட்டது. ஒரு சமூகத்தின் கடந்தகாலத்தை அதன் இயல்பாகவே காட்டும் சாய்வு இதில் உண்டு. எனினும் நாயகியே அச்சமயத்தவள் என்பதும், அவளது பற்றும் ஐயமும் பரிவுடன் எழுதப்பட்டிருப்பதும் அச்சாய்வைச் சிக்கலாக்குகின்றன.

பழங்குடியினர் மறைந்த விதம் இதனினும் கவனத்துக்குரியது. வென்டர்ஸும் பெஸ்ஸும் தங்கும் 'சர்ப்ரைஸ்' பள்ளத்தாக்கில் பாறைக்குடியிருப்புகளும் மட்கலங்களும் எஞ்சியுள்ளன. அவற்றுக்கு உரிய மக்கள் இல்லை. காதலர் தனிமைக்கு ஏற்ற 'ஆளற்ற நிலம்' வேறொரு மக்களின் இன்மையால் கிடைத்தது. முதல் புதினத்தில் மயீராவுக்குக் கிடைத்த குரல்கூட இங்குப் பழங்குடியினர்க்கு இல்லை. காதற்கதைக் கட்டமைப்பு மாறாமல் தொடர்வதற்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

மூடிய கணவாய்

காதற்புதினத்தின் இன்றியமையாக் கூறுகளை வகுத்த பமேலா ரெஜிஸ் (2003), காதலரிடையே உள்ள தடை வீழ்வதை அவற்றுள் ஒன்றாகக் கொள்கிறார். 'ரைடர்ஸ்' புதினத்தின் முடிவில் பாறை ஒன்று உண்மையாகவே வீழ்கிறது. ஆனால் அது தடையை அகற்றவில்லை, உருவாக்குகிறது. டல்லும் அவன் ஆட்களும் துரத்திவர, முற்கால மக்கள் தற்காப்புக்காகச் செதுக்கி நிறுத்திய சமன்பாறையை ஜேனின் சொற்கேட்டு லாசிட்டர் உருட்டுகிறான். பகைவர் அழிகின்றனர், கணவாய் மூடுகிறது, ஜேனும் லாசிட்டரும் ஃபேயும் உள்ளே அடைபடுகின்றனர். வன்முறையை மறுத்துவந்தவளின் காதல் அறிவிப்பும் கொலைக்கான இசைவும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

இதனைச் சங்க அகப்பாடல்களின் உடன்போக்கோடு ஒப்பிடலாம். அங்கும் தலைவி சுற்றத்தை நீங்கிப் பாலை வழியே செல்கிறாள். ஆனால் அவளைத் தேடும் செவிலியும், பிரிவுக்கு இரங்கும் நற்றாயும் உண்டு. கற்பு வாழ்வுக்கு மீளும் வழியும் உண்டு. ஜேனைத் தேடி வருவோர் படைக்கலம் தாங்கியவர் மட்டுமே. அவள் பண்ணையையும் நீரூற்றையும் சமயச் சுற்றத்தையும் இழந்தே காதலைப் பெறுகிறாள். பெண்ணுக்கு உடைமையையும் காதலையும் ஒருசேர வழங்கும் சமூகத்தை இப்புதினத்தால் கற்பனை செய்ய இயலவில்லை. 1915இல் வெளிவந்த தொடர்ச்சியான 'தி ரெயின்போ டிரெயில்' இதனை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறது. அதில் அப்பள்ளத்தாக்கு இன்பநிலமாக அன்றி ஆண்டுக்கணக்கான சிறையாகவே வெளிப்படுகிறது. ஃபேயும் அவ்விருவரிடமிருந்து பிரிக்கப்பட்டுவிடுகிறாள்.

முடிவுரை

கிரேயின் வகைமை மாற்றத்தில் முதலும் கருவும் மாறின. உரிப்பொருள் சொந்த வெளியீட்டிலிருந்தே தொடர்ந்து வந்தது. ஆகவே மேற்குநிலப் புதினத்தில் காதல் பின்னர் ஒட்டியது என்னும் எடுகோள் கிரேயைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதன்று. டாம்ப்கின்ஸ் கூறும் எதிர்வினை அவரது எழுத்தில் உண்டெனினும், அது தான் எதிர்க்கும் இல்லறப் புனைவின் கட்டமைப்பை உள்வாங்கியே செயற்படுகிறது.

பதிப்பகங்கள் ஏற்காத நூலைத் தாமே வெளியிட்டது கிரேயின் எழுத்துக்கு முடிவாகாமல் தொடக்கமாயிற்று. இதனால் சொந்த வெளியீடுகள் அனைத்தும் தரமானவை என்றாகிவிடாது. 'பெட்டி ஸேன்' நூலின் குறைகளே அதற்குச் சான்று. ஆனால் வெளியீட்டு முறையைக் கொண்டு தரத்தை முன்கூட்டியே முடிவு செய்தல் ஆய்வு நெறியாகாது. இன்று வகைமை மாறி மேற்குநிலக் காதற்கதை எழுதுவோரை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. அவர்கள் படைக்கும் காதல் யாருடைய நிலத்தில் நிகழ்கிறது, அதனை அடையப் பெண் எதனை இழக்கிறாள், கதை முடியும்போது கணவாய் திறந்திருக்கிறதா என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு நூலும் தரும் விடையே அதன் மதிப்பை உறுதிசெய்யும்.