கல்லும் சொல்லும்

வஞ்சி என்பது கருவூரா, கொடுங்கல்லூரா என்னும் வழக்கை அறிஞர்கள் நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். அதனை ஈண்டு எழுப்புதல் நம் நோக்கமன்று. மட்டாஞ்சேரியில் வாழ்ந்து தமிழ் பயிலும் நமக்கு, வடக்கே சிறு தொலைவில் கோயில் கொண்டிருக்கும் கொடுங்கல்லூர்ப் பகவதி கண்ணகியாகவே தோன்றுகிறாள். அவள் பொருட்டுச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்ததை வஞ்சிக் காண்டம் விரித்துரைக்கிறது. அக்காண்டத்துக் காதைகளின் பெயர்களை நோக்குக: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. இவை யாவும் போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறைமையில் தொல்காப்பியம் வகுத்த துறைகள். மறவனுக்கு உரிய சடங்கை இளங்கோவடிகள் கணவனை இழந்த பெண்ணொருத்திக்கு உரியதாக்கினார். நடுகல் மரபு அத்துணை நெகிழ்வுடையது.

அம்மரபு நம் காலத்து வீரர் ஒருவருக்கு இடம் தருமா என்பதே நாம் ஆராயப் புகுவது.

மேஜர் இராமசாமி பரமேசுவரன் 1946இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மகார் படைப்பிரிவின் எட்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த அவர், இந்திய அமைதிப் படையுடன் இலங்கை சென்றார். 1987 நவம்பர் 25 அன்று இரவு, யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பகுதியில் தேடுதல் பணி முடித்துத் திரும்புகையில், அவருடைய அணியை விடுதலைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினர். அவர் நிலைகுலையாது அவர்களைப் பின்புறமாகச் சூழ்ந்து பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பட்டது. தம்மைச் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு அடங்கும் வரை தம் வீரர்க்கு ஆணையிட்டார். இறந்த பின் பரம வீர சக்கர விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2023 ஜனவரியில் அந்தமானின் தீவு ஒன்றும் அவர் பெயரைப் பெற்றது.

விருதுரை கூறுவது ஏறத்தாழ இவ்வளவே. அதில் உவமை இல்லை, வியப்புக்குறி இல்லை. செங்கம் வட்டாரத்து நடுகற் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இந்நடை பழக்கமானது. இன்ன வேந்தனின் இன்ன ஆண்டு, இன்னாரின் சேவகன், இன்ன பூசலில் பட்டான் என்று கூறி அக்கல்வெட்டுகள் அமைகின்றன. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல் ஒன்று வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் அதன் பெயரையும், அது கள்வர் இருவரைக் கடித்ததையும் பொறித்திருக்கிறது. நாயின் பெயரை மறவாத அக்கல்தச்சனின் நேர்மை நம் மேடைக் கவிஞர்க்கு வாய்த்திலது. அவர்தம் வீரவணக்கப் பாடல்களில் வீரன் சிங்கமாகிறான், இமயமாகிறான், எரிமலையாகிறான். பெயரை மாற்றினால் அதே பாடல் 1962க்கும் பொருந்தும், 1999க்கும் பொருந்தும். எந்த ஊரில், எந்த இரவில், எதைச் செய்து பட்டான் என்பது மட்டும் இராது.

ஆயினும் பரமேசுவரன் முன் தமிழ்க் கவிதை தயங்கி நிற்பதற்கு நடைக்குறை மட்டும் காரணமன்று. அவர் தமிழர், அவரைச் சுட்டவரும் தமிழர். அவர் பட்டதற்கு ஒரு திங்கள் முன்னர், அக்டோபர் 21, 22 நாள்களில், யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் ஊழியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். அந்த இரத்தத்தைக் காணாதது போல் அவரைப் பாடுவதும் பொய். அதனைக் காட்டி அவர் வீரத்தை மறைப்பதும் பொய். அமைதிப் படையில் மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்கட்கு இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகே நினைவுக்கல் எழுந்தது. தமிழில் சொல் எழவில்லை.

இத்தகைய இடர்ப்பாட்டைச் சங்கப் புலவர் அறியாதவரல்லர். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது, ஒரே களத்தில் இருவரும் மடிந்தனர். முன்னவன் நாம் வாழும் இச்சேர மண்ணுக்கு உரியவன். புறநானூற்றின் 62ஆம் பாட்டில் கழாத்தலையார் அக்களத்தைக் காட்டுகிறார். எவன் வென்றான் என்ற பேச்சே அங்கில்லை. மனைவியர் கைம்மை நோன்பின் உணவை வேண்டாராய், தண்ணீரில் மூழ்காராய், கணவர் மார்பைத் தழுவிக் கிடக்கின்றனர். அம்மகளிர் எவ்வேந்தன் பக்கத்தவர் என்று பாட்டு பிரித்துக் காட்டவில்லை. பாராட்டு குறைந்ததா எனின், இல்லை. இருவருக்கும் வீரருலகு கிட்டியது என்றே புலவர் பாடுகிறார். துயரையும் புகழையும் ஒரே பாட்டில் வைக்கும் இத்துணிவையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

அடுத்த பாட்டில் பரணர் இன்னும் ஒரு படி செல்கிறார். யானைகள் பட்டன, குதிரைகள் பட்டன, தேரில் வந்தோர் பட்டனர் என்று சொல்லி வந்தவர், இறுதியில் களத்தை விட்டு ஊரை நோக்குகிறார். ஆம்பல் தண்டை வளையலாக அணிந்த பெண்கள் பச்சை அவலை வாயில் இட்டுக்கொண்டு குளிர்ந்த நீரில் பாய்ந்தாடும் வளநாடு இனி என்னாகுமோ என இரங்குகிறார். எந்த நாடு? அவர்தம் நாடு என்கிறாரேயன்றிச் சேரநாடு என்றோ சோழநாடு என்றோ அவர் சொன்னாரில்லை.