பூட்டு வேண்டாம், விலை வேண்டும்

திருப்பூரில் ஒரு பனியன் விற்றுவிட்டால் கம்பெனிக்கும் அதற்கும் உறவு முடிந்தது. அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கை போட்டுக்கொண்டால் யாரும் கேட்க வருவதில்லை. மின்னூல் அப்படியில்லை. காசு கொடுத்த பிறகும், எந்தக் கணக்கில் எந்தக் கருவியில் படிக்கலாம் என்பதை விற்றவரே முடிவு செய்கிறார். டிஆர்எம் எனப்படும் இந்த மின்பூட்டைப் பெண்களின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன்.

பூட்டிய நூல் ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. அந்தக் கணக்கு யாருடையது? செக்கிங்கிலும் பவர்டேபிளிலும் வேலை செய்யும், நான் அறிந்த பல பெண்களின் வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். மின்னஞ்சலும் வங்கி அட்டையும் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். அவள் என்ன வாங்கினாள், எந்தப் பக்கத்தில் நிறுத்தினாள் என்பது அந்தக் கணக்கில் பதிவாகும். கணக்கு கைவிட்டுப் போனால் நூல்களும் போகும். தனிக்கணக்கும் தனிக்கருவியும் உள்ள வாசகரை மனதில் வைத்தே பூட்டு செய்யப்பட்டிருக்கிறது. அந்த வாசகர் இவள் அல்ல.

பூட்டை எடுத்தால் திருடிவிடுவார்களே என்று எழுதும் தோழிகள் அஞ்சுகிறார்கள். அச்சுநூலை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரை மின்பூட்டு தடுப்பதில்லை. அறிவியல் புனைவு நூல்களை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் கிளை சொன்னது.

தமிழில் பூட்டில்லாத மின்னூல் என்றதும் இலவசம் என்றே நினைக்கிறோம். 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை இலவசமாகத் தருகிறது. அந்தப் பணியை மதிக்கிறேன். ஆனால் பெண்ணின் சமையலையும் பராமரிப்பையும் கூலியில்லாமல் வாங்கிப் பழகிய வீடுகளில், அவள் எழுத்தும் இலவசமாகத்தான் கிடைக்க வேண்டுமா? பீஸ் ரேட்டுக்குப் பைசா கணக்குப் பார்க்கும் ஊர்க்காரியான எனக்கு இதில் உடன்பாடில்லை. பூட்டு இல்லாமலும் விலை வைக்கலாம்.

கிண்டிலில் நூலை ஏற்றும்போதே பூட்டு வேண்டாம் என்று குறிக்க முடியும். ஆனால் இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். வாசகிக்குப் போட்ட பூட்டைத் திறந்தால், எழுதியவளுக்கு ஒரு பூட்டு காத்திருக்கிறது.

செலக்டில் சேராதவர் இபப் கோப்பைத் தானே விற்கலாம். யுபிஐயில் பணம் வந்ததும் மின்னஞ்சலில் கோப்பை அனுப்பிவிடலாம். முதல் பக்கத்தில் விலையை எழுதி, இரவல் வாங்கிப் படித்தவரும் பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம் என்று குறிப்பிடலாம். இதிலும் பெண்ணுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. யுபிஐ முகவரி பல நேரம் தொலைபேசி எண்தான். அதை மாற்றிக்கொண்டாலும் வங்கியில் உள்ள பெயர் பணம் அனுப்புகிறவருக்குத் தெரியும். புனைபெயரில் எழுதுகிறவள் என்ன செய்வாள்?

ஆகவே இதைத் தனியாள் வேலையாக விடக் கூடாது. பெண்கள் நடத்தும் சிறு பதிப்பகங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கணக்கில் விற்கலாம். எழுதியவளின் பெயரைக் காக்கலாம். யாருக்கு எவ்வளவு என்று மாதாமாதம் கணக்குக் காட்டலாம். போன் மாறியவளுக்கு, கோப்பை அழிக்க வேண்டி வந்தவளுக்கு, கேட்டதும் மறுபடி அனுப்பலாம். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் புதிதாகத் தேவையில்லை.