நான்கு சொற்களும் ஒரு தீர்ப்பும்

1998 செப்டம்பர் 2ஆம் தேதி, தான்சானியாவின் அருஷா நகரில், ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் டாபா கம்யூனின் மேயராக இருந்த ழான்-பால் அகயேசுவை இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்தது. பாலியல் வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதுவே முதல்முறை. சட்டம் படிக்கும் பெண்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். ஆனால் அந்தத் தீர்ப்பை நாம் இன்னொரு விதமாகவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. பெண்கள் பேசுவது எப்படிச் சட்டமாகிறது, எங்கே சட்டமாகாமல் நின்றுவிடுகிறது என்பதைக் காட்டும் பிரதி அது.

1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று ஆண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கியதைத் தானாகவே சொன்னார். பின்னர் வந்த இன்னொரு பெண், தான் வல்லுறவுக்கு ஆளானதையும், கம்யூன் அலுவலகத்தின் அருகே மற்ற பெண்களுக்கு நடந்ததைக் கண்டதையும் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். வெளியிலிருந்து பெண்கள் அமைப்புகள் வற்புறுத்தின. ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

இதை நவநீதம் பிள்ளையின் கதையாகச் சொல்வது நம்மிடையே வழக்கம். டர்பனில் தமிழ் வம்சாவளியில் பிறந்தவர், மூன்று நீதிபதிகளில் ஒரே பெண். அவருடைய பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே கேள்விக்கு முன்பே பதில் வந்துவிட்டது. வழக்கின் போக்கை முதலில் மாற்றியவர்கள் பெயர் மறைக்கப்பட்ட, வெறும் எழுத்துகளால் குறிக்கப்பட்ட அந்தச் சாட்சிகள்.

அவர்கள் என்ன சொல்லால் சொன்னார்கள்? தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இதைத்தான் விவாதிக்கிறது. சாட்சிகள் பேசியது கின்யர்வாண்டாவில். அது பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நான்கு சொற்களை அவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ‘குசம்பன்யா’ என்றால் முறைகேடான உறவில் ஈடுபடுத்துவது. ‘குருங்கோரா’ என்றால் ஒரு பெண்ணோடு உறவுகொள்வது. அவள் இசைந்தாளா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ‘குர்யாமனா’ என்றால் படுக்கையைப் பகிர்வது. ‘குஃபாத்தா கு ங்குஃபு’ என்றால் எதையும் பலவந்தமாக எடுத்துக்கொள்வது, வல்லுறவையும் குறிக்கும். நான்கில் ஒன்றில்தான் வன்முறை வெளிப்படையாக இருக்கிறது. ஆனாலும் சூழலைப் பார்த்து, நான்கும் வல்லுறவையே குறித்தன என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதன் தொடர்ச்சிதான் அந்தப் புகழ்பெற்ற வரையறை. நிர்ப்பந்தமான சூழலில் ஒருவர் மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மையுள்ள உடல் அத்துமீறலே வல்லுறவு. உறுப்புகளையும் பொருள்களையும் பட்டியலிட்டு அதை விளக்கிவிட முடியாது என்றது தீர்ப்பு. அந்தரங்க விவரங்களைப் பொதுவில் சொல்லச் சாட்சிகள் பட்ட தயக்கத்தையும் வேதனையையும் அந்த இடத்திலேயே குறிப்பிடுகிறது. பெண்களின் சொல்லைப் போலவே சொல்ல முடியாமையும் அந்த வரையறைக்குள் இருக்கிறது.

அது நிலைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் ஃபுருன்ஜியா வழக்கில் உறுப்புகளின் பட்டியலுக்கே திரும்பியது. எது குற்றம் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கான நியாயம். குற்றவியல் சட்டத்தில் இது நியாயமான வாதம்தான். ஆனால் பட்டியல் வந்தால் கேள்வியும் வரும்: எது, எங்கே, எவ்வளவு தூரம்?

2001இல் குனராச் வழக்கு சம்மதத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது. இதை வரவேற்ற பெண்ணியவாதிகள் உண்டு. போர்க்காலத்திலும் பெண்ணுக்கு விருப்பம், விருப்பமின்மை இரண்டும் உண்டு. அவளை வெறும் பலியாளாகச் சுருக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அந்த வழக்கிலேயே அதன் விலையும் இருக்கிறது. ஃபோச்சாவில் சிறைப்பட்ட ஒரு பெண்ணை, தளபதியைத் திருப்திப்படுத்தாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று ஒருவன் மிரட்டியிருந்தான். உயிருக்குப் பயந்து அவரே குனராச்சை அணுகினார். அவள் விரும்பித்தான் வந்தாள் என்று குனராச் வாதாடினான். நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஆனால் அந்த வாதத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்ததே! 2006இல் ருவாண்டாத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வும், சம்மதமின்மையை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், சூழலைக் கொண்டே நிரூபிக்கலாம் என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் விதிகள் இன்னொரு வாசலைத் திறந்தன: மௌனத்தையோ எதிர்க்காததையோ சம்மதமாகக் கொள்ள முடியாது.

விவாதம் முடியவில்லை. என் நிலை இதுதான்: துப்பாக்கி ஏந்தியவன் வாசலில் நிற்கும்போது, முதல் கேள்வி அவன் என்ன செய்தான் என்பதாக இருக்க வேண்டும், அவள் என்ன நினைத்தாள் என்பதாக அல்ல. அகயேசு தீர்ப்பு கேள்வியை அவன் பக்கம் திருப்பியது. அந்தத் திருப்பத்தை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அந்த நான்கு சொற்களுக்கு மறுபடி வருகிறேன். நம் வீடுகளில் எந்தச் சொல்? ‘கெடுத்துட்டான்’, ‘சீரழிச்சுட்டாங்க’, ‘நாசம் பண்ணிட்டான்’. செய்தித்தாளில் ‘கற்பழிப்பு’. இவற்றில் கெட்டதும் அழிந்ததும் எப்போதும் அவளே. 1949 ஜெனீவா ஒப்பந்தமும் வல்லுறவைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதல் என்றுதான் எழுதியது. ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல்லை நாம் போராடிக் கொண்டுவந்தோம். அது சரியான சொல். ஆனால் ‘கெடுத்துட்டான்’ என்று சொல்லி அழும் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எழுதுகிறவர், அவர் சொன்ன சொல்லையும் எழுத வேண்டும், அதன் பொருளையும் எழுத வேண்டும். அருஷாவில் ஒருமுறை அது நடந்தது.